செத்த காலேஜுக்குப் போன ஒன்பது பேர்

மேட்டர் எங்கே, மேட்டர் எங்கே என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். மேட்டர் என் சட்டைப் பையில் இருக்கிறது. மூன்று பக்கம். கொடுப்பதற்கு முன்னால் நீ விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். விஷயம் தெரியாத ஆள் எவனும் என் நோட்டீஸுக்கு எழுத்துக் கோத்ததில்லை.

உன் பெயர் என்ன? நஸ்ரீனா? சரி நஸ்ரீன், அந்தக் காதுகுத்து ஃபிளக்ஸைக் கொஞ்சம் நிறுத்தி வை. அந்தக் குழந்தைக்குக் காது குத்த இன்னும் பத்து நாள் இருக்கிறது, தேதி எனக்கும் தெரிகிறது. என் நோட்டீஸ் இன்று சாயங்காலத்துக்குள் சுவரில் இருக்க வேண்டும். நாளைக் காலை பவுனம்மாவுக்குப் பதினாறாம் நாள். அதற்குள் இது ஒட்டப்படாவிட்டால் என் மனைவி மெட்ராஸிலிருந்து திரும்பி வர மாட்டாள். இவ்வளவுதான் விஷயம். எழுபத்தாறு வயதில் இந்த ஆளுக்கு இது தேவையா என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள்.

இந்தக் குடியாத்தத்தில் நானூறு நோட்டீஸ் போட்டவன் நான். மாசிலாமணி. பீடி சுற்றும் பெண்களுக்கு இங்கே ஒரு சங்கம் இருந்ததே, அது நான்தான். உனக்குத் தெரியாது. உன் அப்பாவைக் கேள், அவருக்கும் தெரியாது என்றால் தாத்தாவைக் கேள். படிப்பு எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் நோட்டீஸ் படித்துக் கற்றது. சுவரில் இருந்ததைப் படித்தேன், தெருவில் கிடந்ததைப் படித்தேன், வடை மடித்துக் கொடுத்ததையும் எண்ணெய் துடைத்துவிட்டுப் படித்தேன். உன் கம்ப்யூட்டர் இருக்கிற இந்த இடத்தில்தான் கோவிந்தசாமியின் டிரெடில் அச்சு மிஷின் இருந்தது. காலால் மிதித்து ஓட்டுவான். அதில் அடித்த தாளைத் தடவினால் எழுத்து கையில் படும். நீ அடிப்பது கையில் படாது. சரி, அது வேறு பேச்சு.

எழுபத்தெட்டாம் வருஷம். மூன்று கோரிக்கை. ஆயிரம் பீடிக்குக் கூலி உயர்வு. இலைக் குறைவுக்கு ஈடு. கழிவு என்று தள்ளிய பீடியைக் கம்பெனியே பின்பக்கமாக விற்பதை நிறுத்துவது. அறுபது பெண்களை ரயிலேற்றி மெட்ராஸுக்குக் கூட்டிப்போனேன். ஊர்வலமாகப் போய் மந்திரியிடம் மனு கொடுப்பது ஏற்பாடு. பேசுவதற்கு என் மனைவி அம்சவேணியைத் தயார் செய்திருந்தேன். ஒரு கட்டு இலையில் எத்தனை பீடி வரும், கம்பெனி எத்தனை கேட்கிறது, குறைகிற இலையை யார் கைக்காசு போட்டு வாங்குகிறார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் எனக்குச் சொன்னாள், நான் எழுதினேன், எழுதியதை அவளுக்கே மனப்பாடம் செய்வித்தேன். அப்படித்தான் அவளை வளர்த்துவிட்டேன்.

சென்ட்ரலுக்கு எதிரே ஒரு சத்திரத்தில் இறங்கினோம். ஊர்வலம் நான்கு மணிக்கு. காலை பத்து மணிக்கு அம்சவேணி என்னிடம் வந்து, "தோழரே, நாலு மணிக்குத்தானே? நாங்க ஒம்போது பேரு செத்த காலேஜைப் பாத்துட்டு வந்துடறோம்" என்று சொன்னாளாம். செத்த காலேஜ் என்றால் எழும்பூர் மியூசியம். அந்தக் காலத்தில் மெட்ராஸ் போகிற ஊர்ச் சனம் மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்று சொல்லும், மியூசியத்தைச் செத்த காலேஜ் என்று சொல்லும். நான் தலையாட்டினேனாம். ஆட்டியிருக்கலாம். அப்போது நான் மனுவுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பிழை திருத்தும்போது தலையாட்டுவது என் வழக்கம். அது வாக்கியத்துக்கு ஆட்டுவது.

பதினொரு மணிக்குத் தலைமையிலிருந்து ஆள் வந்தது. மந்திரி மாலையில் வெளியூர் போகிறார், ஊர்வலம் இரண்டு மணிக்கு. சத்திரத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னேன். இல்லாதவர்களுக்கு எப்படிச் சொல்வது? மியூசியம் அங்கிருந்து நடை தூரம்தான், யாரையாவது அனுப்பியிருக்கலாம் என்று நாற்பத்தேழு வருஷமாகச் சொல்கிறாள். எனக்கு அன்று பேனர் வேலை இருந்தது.

இரண்டரை மணிக்கு வாசலில் சொன்னார்கள், பீடி சுற்றுகிற பெண்கள் ஐந்து பேர் உள்ளே வரலாம், பத்து நிமிடம். ஐம்பத்தொரு பெண்கள் நிற்கிறார்கள், ஒருத்தி வாய் திறக்கவில்லை. "அம்சா அக்கா எங்க?" என்று ஒருத்தியை ஒருத்தி பார்க்கிறார்கள். கடைசியில் நாலு பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நானே உள்ளே போனேன். நானே பேசினேன். பேச்சில் குறை சொல்ல முடியாது. முதலில் உலக நிலைமை. அங்கிருந்து நாட்டு நிலைமை. அங்கிருந்து மாநிலம், மாவட்டம் என்று படிப்படியாக இறங்கி வந்தேன். இலைக் குறைவுக்கு வந்து சேரும்போது மந்திரி எழுந்துவிட்டார். பத்து நிமிடம் எதற்குப் போதும் சொல்.

மூன்றே முக்காலுக்கு ஒன்பது பேரும் வந்தார்கள். மியூசியத்தோடு நிற்கவில்லை, கடலுக்கும் போயிருக்கிறார்கள். புடவைக் கரையெல்லாம் ஈரம். கையில் சுண்டல். எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வந்திருந்தாள். நான் வாங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு கவர் வந்தது. அப்போதெல்லாம் கடற்கரையில் போட்டோக்காரர்கள் நிற்பார்கள், விலாசம் எழுதிக்கொண்டு படத்தைத் தபாலில் அனுப்புவார்கள். அம்சவேணி பெயருக்கு வந்த கவரை நான் பிரித்தேன். இதோ, இதுதான். ஓரத்தைப் பிடி, நடுவில் விரல் வைக்காதே. முழங்கால் வரை தண்ணீர். இடமிருந்து முதலில் கன்னிகா, பிறகு பெரிய ராஜாமணி, சின்ன ராஜாமணி, ஹபீபா, இது அம்சவேணி, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருக்கிறவள் பவுனம்மா, பிறகு தனபாக்கியம், மங்கா, கடைசியில் தலை மட்டும் தெரிகிறவள் ஆரோக்கியமேரி. அலை வந்து ஆளை மறைத்துவிட்டது. எல்லோர் வாயையும் பார். சிரிக்கிறார்கள். அங்கே ஒரு இயக்கம் தோற்றுக்கொண்டிருக்கிறது, இங்கே ஒன்பது பேர் பல் தெரியச் சிரிக்கிறார்கள். இந்தப் படத்தை நான் சங்கத்துக் கோப்பில் ஆவணமாக வைத்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆவணத்தை வீட்டில் மாட்ட முடியாது.

ஊரில் கேட்டார்கள், மெட்ராஸ் போய் என்ன கொண்டுவந்தாய் என்று. ஒரு இயக்கத்துக்குத் தோல்வி வரலாம். காரணம் தெரியாத தோல்வி வரக் கூடாது. அது ஆட்களைக் கலைத்துவிடும். ஆகவே ஒரு நோட்டீஸ் எழுதினேன். தலைப்பு, மன்னிப்புக் கடிதம். "கம்பெனி ஏஜெண்டின் ஆசை வார்த்தைக்கும் அன்பளிப்புக்கும் மயங்கி, ஊர்வலத்தைப் புறக்கணித்து, மாலை வரை ஆண் துணையின்றி மாநகரில் சுற்றித் திரிந்த நாங்கள்" என்று தொடங்கும். கோவிந்தசாமி எழுத்துக் கோத்துவிட்டு, "அண்ணே, இதுதாண்ணே எழுத்து" என்றான். கீழே, இப்படிக்கு அம்சவேணி மற்றும் எட்டுப் பேர் என்று போட்டு, எட்டுப் பேர் பெயரும், தெருவும்.

கையெழுத்து வாங்கினேனா என்று கேட்கிறாய். நோட்டீஸில் கையெழுத்து யாருக்குத் தெரியும், பெயர்தான் தெரியும். ஏஜெண்ட் யார் என்றும் கேட்பாய். ஏஜெண்டுகள் எப்போதும் இருக்கிறார்கள், அம்மா. இன்ன ஆள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அம்சவேணி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கத்துக்காகப் பொறுத்துக்கொண்டாள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பவுனம்மாவின் புருஷன் படிக்கத் தெரியாதவன். டீக்கடையில் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். "ஆண் துணையின்றி" என்ற இடத்தில் நிறுத்தி இரண்டு தடவை படித்தார்களாம். அன்றைக்கே அவளையும் கைக்குழந்தையையும் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டான். பிறகு அழைக்கவே இல்லை. அது அவன் செய்தது. ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு ஒருவன் என்ன செய்கிறான் என்பதற்கு எழுதியவன் பொறுப்பா? கம்பெனியின் கையாள் என்று சங்கத்துப் பெண்கள் அவளோடு உட்கார்ந்து பீடி சுற்றவில்லை. அது ஒழுங்கு. அம்சவேணி மட்டும் தன் முறத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்குப் போய்விடுவாள். நான் தடுக்கவில்லை. அதை நீ குறித்துக்கொள்ளலாம்.

பவுனம்மா செத்து இன்றைக்குப் பதினைந்தாம் நாள். சாவு வீட்டில் அவள் மகன் ஏழுமலை டிரங்குப் பெட்டியைத் திறந்திருக்கிறான். அடியில் பாலிதீன் பைக்குள் மடித்து வைத்த என் நோட்டீஸ். அவன் அதை அம்சவேணியிடம் நீட்டி, "அத்தே, இத நீதானே எழுதிக் குடுத்துக்கீற? எங்கம்மா கம்பெனிக்காரன் கிட்ட வாங்கித் தின்னுச்சின்னு நீயே பேர் போட்டுக்கீறியே. அப்பறம் இன்னாத்துக்கு இத்தினி வருசம் எங்க வூட்டு வாசல்ல வந்து குந்தின?" என்று கேட்டானாம். பதினாறாம் நாளுக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு வந்தாள். கால் கழுவினாள். "எனக்கு ரெண்டு வேணும்" என்றாள். "அது பொய்யின்னு ஒரு நோட்டீஸ். அதே தெருவுல. அது மேல அந்தப் படம்." அவ்வளவுதான். அதோடு பேச்சை நிறுத்தினாள். சோறு வடித்தாள், தனக்கு மட்டும்.

நான் விடுவேனா? முதலில் பேச்சுவார்த்தைக்கு அழைத்தேன். வரவில்லை. பதினாறாம் நாள் முடியட்டும், பிறகு பரிசீலிக்கலாம் என்றேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். படத்தை மட்டும் தருகிறேன், நோட்டீஸை விட்டுவிடு என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு ரமணியைப் பிடித்து, நீ சொன்னால் கேட்பாள் என்று அனுப்பினேன். ரமணியும் எனக்குச் சோறு கொடுப்பதை நிறுத்தினாள். முதலாளிகள் என்னிடம் என்னென்ன வித்தை காட்டினார்களோ அத்தனையையும் அவளிடம் காட்டிப் பார்த்துவிட்டேன். எல்லாம் அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. இதை எங்கே கற்றாள் என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு மெட்ராஸுக்கு, வியாசர்பாடியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மகளுக்குப் புரட்சிச்செல்வி என்று பெயர் வைத்தேன், அவள் செல்வி என்று சுருக்கிக்கொண்டாள். சனிக்கிழமை நானும் போனேன். மகள் இரண்டு டிக்கெட்டை நீட்டினாள். "அம்மா கேட்டாங்க. நாளைக்கு ஒரு நாள் சிட்டி டூர். நீயும் போப்பா. ஒரே பஸ்ஸுல போனா பேசிதானே ஆகணும்."

மெட்ராஸுக்கு நான் நாற்பதுக்கு மேற்பட்ட தடவை போனவன். எனக்கு எதற்கு அந்த ஊரைக் கைடு வைத்துக் காட்ட வேண்டும்? சென்ட்ரல், சத்திரம், ஊர்வலம், கைதானால் ஒரு கல்யாண மண்டபம், விட்டால் சென்ட்ரல். அந்த ஊர் எனக்கு அதுதான். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். இருந்தாலும் போனேன்.

பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவள் முன்வரிசையில் இருந்த ஒரு வங்கி ஊழியரிடம் போய், "தம்பி, நீங்க அங்க குந்துங்க, அவரு நல்லா பேசுவாரு" என்று சொல்லி இடத்தை மாற்றிக்கொண்டாள். அந்த ஆள் பாவம், மதியம் வரை என்னிடம் மாட்டிக்கொண்டான். கைடு லோகநாதன் என்று ஐம்பது வயதுக்காரர். கையில் மைக். வலது பக்கம் பாருங்கள், இடது பக்கம் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் பார்த்தேன். எழுபத்தொன்பதில் நான் போஸ்டர் ஒட்டிய மதில் இல்லை. அங்கே ஒரு நகைக்கடை, முழுக்கக் கண்ணாடி. கண்ணாடியில் பசை நிற்காது. ஊரையே எவனும் எதையும் ஒட்ட முடியாதபடி கட்டிவிட்டார்கள். இதை நான் லோகநாதனிடம் சொன்னேன். "ஐயா, அடுத்த ஸ்டாப் மியூசியம்" என்றார்.

மியூசியத்தில் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது, பார்த்திருக்கிறாயா? பெரிதாகத்தான் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. எல்லோரும் அதனோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அம்சவேணி போனை எடுத்து வெறும் தரையைப் படம் எடுக்கிறாள். ஒரு அடி நகர்கிறாள், மறுபடி வெறும் தரை. லோகநாதன், "அம்மா, மேல பாருங்க, மீன் மேல இருக்கு" என்றார்.

"மீனு தெரியும்பா. இங்கதான் பவுனு நின்னுச்சி. இது எழுந்து வந்துடுமான்னு கேட்டுச்சி. செத்தது எப்பிடிடீ வரும்னு ஹபீபா சிரிச்சா. காவக்காரரு எங்களப் பாத்து, சத்தம் போடக் கூடாதுன்னாரு. மேரி அவருக்கு ஒரு பீடி குடுத்துச்சி. அப்பறம் அவரே எல்லாத்தையும் சுத்திக் காட்டினாரு."

"யாருக்கும்மா படம்?"

"பவுனு மகனுக்கு. அவங்கம்மா எங்க போச்சி, இன்னா பாத்துச்சின்னு அவனுக்குத் தெரியணும் இல்ல."

எனக்கு வந்த கோபத்தில் நான் லோகநாதனைக் கூப்பிட்டு, "அந்த அம்மாவிடம் கேளுங்கள், அதே நேரத்தில் ஐம்பத்தொரு பேர் வெயிலில் நின்றார்களே, அந்த இடத்தை எப்போது படம் எடுப்பாள்" என்றேன். அவர் போய்க் கேட்டார். திரும்பி வந்து, சங்கடத்தோடு சொன்னார், "ஐயா, அம்மா சொல்றாங்க, கூட்டிட்டுப் போனா எடுக்கறேன்னு. நேரம் மாறினதைச் சொல்லியிருந்தா அன்னிக்கே வந்திருப்பேன்னு. ஐயா, நான் கைடுங்க. இதுல என்ன இழுக்காதீங்க."

கடைசி நிறுத்தம் கடற்கரை. முக்கால் மணி நேரம். ஜனம் இறங்கி ஓடியது. ஐஸ்கிரீம், பஜ்ஜி, பலூன் சுடுவது, குதிரை. மனித உழைப்பு முழுவதும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மணலில் கொட்டப்படுகிறது. நான் நடைபாதையோடு நின்றுகொண்டேன். அவள் நேராகத் தண்ணீருக்குப் போனாள். புடவையைக் கெண்டைக்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, எழுபது வயதுக்காரி, அலைக்குள் நின்றாள். அங்கேயும் படம். வெறும் தண்ணீர். எனக்குப் பயமாக இருந்தது. அலை இழுத்தால் யார் பிடிப்பது? கூப்பிட்டேன். காதில் விழவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்தேன். அந்த ஊருக்கு அத்தனை தடவை போயிருக்கிறேன், மணலில் கால் வைத்தது அன்றுதான். சுடும் என்று யாரும் சொல்லவில்லை.

போய்ச் சேர்ந்து, சட்டைப் பையிலிருந்து இந்த மூன்று பக்கத்தை எடுத்தேன். முந்தின ராத்திரி மகள் வீட்டில் உட்கார்ந்து எழுதியது. அலைச் சத்தத்துக்கு மேல் உரக்கப் படித்தேன். முதல் பக்கம் அன்றைய அரசியல் சூழல். இரண்டாம் பக்கம் இயக்கம் சந்தித்த துரோகங்கள். மூன்றாம் பக்கத்தில் விஷயத்துக்கு வருகிறேன். "அன்றைய நெருக்கடியான சூழலில் வெளியிடப்பட்ட ஓர் அறிக்கையில் சில தகவல்கள் முழுமையாகச் சரிபார்க்கப்படாமல் இடம்பெற்றிருக்கலாம் என்றும், அதனால் எவரேனும் மனம் வருந்தியிருப்பின்" என்று போகிறது. நல்ல வாக்கியம். எங்கேயும் பிடி கொடுக்காது.

அவள் முழுக்கக் கேட்டாள். பதினான்கு நாளில் முதல் தடவை என்னைப் பார்த்துப் பேசினாள். கல்யாணமான நாளிலிருந்து என்னைத் தோழரே என்றுதான் கூப்பிடுவாள், நான் பழக்கியது. அன்று, "யோவ் மாசிலாமணி" என்றாள். பலூன்காரன் திரும்பிப் பார்த்தான்.

"யோவ் மாசிலாமணி, கம்பெனிக்காரன் நமக்கு ஒரு பதிலு அனுப்பினானே, ஞாபகங்கீதா? எல குறைவுன்னு நாம எழுதினதுக்கு. 'குறைபாடு ஏதேனும் நேர்ந்திருப்பின்'னு. அத நீ எனக்குப் படிச்சிக் காட்டி, பாரு அம்சா, இதான் திருடன் எழுதற எழுத்துன்னு சொன்ன. அந்தத் தாளு மாதிரியே கீது இது."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டினாள்.

"நான் வாய மூடிக்கினு இருந்தது சங்கத்துக்குன்னு நெனச்சிக்கினு கீற. இல்ல. நீதான் எழுதினன்னு பவுனுக்குத் தெரியும். அத்தான் பேரு வெளிய வந்தா சங்கம் ஒடஞ்சிடும், ஒடஞ்சா கூலி ஏறாது, விடுடீன்னு சொல்லிச்சி. உன்னக் காப்பாத்தினது அது. நாளான்னிக்கி அதுக்குக் காரியம். அதும் மவன் என்ன உள்ள வுட மாட்டான். நோட்டீஸ் ஒட்டினா, ஒட்டினத போட்டோ எடுத்து செல்விக்கு அனுப்பு. பாத்துட்டு ராத்திரி வண்டிக்கு வரேன். இல்லன்னா வரல. எப்பவுமே."

திரும்பித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டாள். நான் பஸ்ஸுக்கு வந்தேன். சாயங்கால ரயிலைப் பிடித்து வந்தேன். வழியெல்லாம் அவள் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. நானூறு நோட்டீஸ் எழுதியவனைப் பார்த்துத் திருடன் எழுத்து என்கிறாள். அதுவும் என் வார்த்தையையே எடுத்து. ஆம்பூர் வரும் வரை அந்த மூன்று பக்கத்தையும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆம்பூர் எப்படி வந்தது என்று கேட்காதே. குடியாத்தத்தில் இறங்க மறந்துவிட்டேன். வேறு வண்டி பிடித்துத் திரும்பினேன்.

அத்தான் என்றா சொன்னாள் பவுனம்மா? எனக்கு அது தெரியாது. தெருவில் பார்த்தால் ஒதுங்கிப் போவாள். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி. இந்தா, மேட்டர். மூன்று பக்கம். வேண்டாம், கொடு. கொடு என்கிறேன். இதைக் குப்பைத் தொட்டியில் போடு. எழுத்துக் கோப்பதற்கு முன்னால் விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று உன்னிடம்தானே சொன்னேன். நான் வாயால் சொல்கிறேன், நீ அடி.

முதலில் படம். மேலே, அகலம் முழுவதும். போராட்ட நோட்டீஸில் சிரிக்கிற படம் போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போடு. ஓரத்தை வெட்டாதே, மேரியின் தலை போய்விடும்.

தலைப்பு வேண்டாம். நேராக எழுது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் இந்தத் தெருக்களில் ஒட்டப்பட்ட மன்னிப்புக் கடிதம் பொய். புள்ளி வை. அதை இந்த ஒன்பது பேரில் ஒருவரும் எழுதவில்லை, கையெழுத்துப் போடவில்லை. எந்த ஏஜெண்டும் இவர்களை அழைத்துப் போகவில்லை, எதுவும் கொடுக்கவில்லை. ஊர்வல நேரம் மாறியதை நான் இவர்களுக்குச் சொல்லவில்லை. இவர்கள் மியூசியமும் கடலும் பார்த்துவிட்டு, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள். அடித்துவிட்டாயா? படி.

ஏன் நிறுத்தினாய்? உள்ளே போய்ப் பேசியது யார் என்று எழுத வேண்டாமா என்கிறாயா? அவள் அதைக் கேட்கவில்லை. கேட்காத கோரிக்கையை நிறைவேற்றுகிற வழக்கம் உலகத்தில் எங்கேயும் கிடையாது. நீ அடிப்பவள், அடி.

ஒன்பது பேரின் பெயரையும் வரிசையாகப் போடு. இப்போது சொன்னேனே, இடமிருந்து. ஹபீபாவுக்கு ஹ தான், அ இல்லை, உனக்குத் தெரியாததா.

இப்படிக்கு. இரு. இப்படிக்கு என்று போட்டால் எப்போதும் சங்கம் என்றுதான் வரும். நானூறு நோட்டீஸிலும் என் பெயர் கிடையாது, பார்த்துக்கொள். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ந. மாசிலாமணி. எழுதியவன். அன்றும் இன்றும் என்று அடைப்புக்குள் போடலாமா? வேண்டாம். அழகாக இருக்கிறது. அழகாக இருந்தால் எடுத்துவிடு.

என்ன சொல்கிறாய்? எழுத்தைச் சின்னதாக்கினால் ஒரு தாளில் இரண்டு நோட்டீஸ் வருமா? வேண்டாம் நஸ்ரீன். ஒரு தாளுக்கு ஒன்று. எழுத்தை இதைவிடப் பெரிதாக்கு. இன்னும் கொஞ்சம். அன்றைக்கு அதைப் படித்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்களுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது.